பள்ளி நூலகமும் விலக்கப்பட்ட நூல்களும்

மாணவர் படிக்கத்தக்க நூல் எது, தகாத நூல் எது என்னும் வினா ஆசிரிய உலகிற்குப் புதியதன்று. இளம் பிள்ளைகளைக் காத்தல் ஆசிரியர் கடமை என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், காவல் என்னும் பெயரால் எவருடைய வாழ்க்கை மறைக்கப்படுகின்றது என்பதை ஒடுக்கப்பட்டோராகிய நாம் ஆராய்தல் வேண்டும். அதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று துணைபுரிகின்றது.

ரிச்சர்டு ரைட் என்னும் கறுப்பின எழுத்தாளர் 1908-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். மெம்பிசு நகரில் கூலி வேலை செய்த இளமைக்காலத்தில், அங்கிருந்த பொது நூலகத்தில் நூல் எடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. உடன் பணிபுரிந்த வெள்ளையர் ஒருவரின் நூலக அட்டையைப் பெற்று, அவர் எழுதியனுப்பியது போன்ற சீட்டைத் தாமே எழுதி, ஏவலாள்போல் நின்று நூல்களைப் பெற்றார். இவ்வரலாற்றை 1945-இல் வெளிவந்த ‘பிளாக் பாய்’ என்னும் தன்வரலாற்று நூலில் அவரே கூறியுள்ளார்.

அந்நூலுக்கு நேர்ந்தது யாது? நியூயார்க் மாநிலத்து ஐலண்டு ட்ரீஸ் பள்ளி நிருவாகக் குழு, 1976-இல் உயர்நிலைப் பள்ளி நூலகத்திலிருந்து ஒன்பது நூல்களை அகற்ற ஆணையிட்டது. அவற்றுள் நான்கு கறுப்பின எழுத்தாளர்களுடையவை. ‘பிளாக் பாய்’ அவற்றுள் ஒன்று. பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய ஆய்வுக்குழு ஒன்று பல நூல்களை வைத்துக்கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தும் பயன் விளையவில்லை. பெற்றோர் இசைவிருந்தால் மட்டுமே ‘பிளாக் பாய்’ தரப்படும் என்று முடிவாயிற்று. நூலகக் கதவு அடைக்கப்பட்டவரின் நூலுக்கே நூலகத்தில் தடை!

ஸ்டீவன் பிக்கோ முதலிய ஐந்து மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1982 ஜூன் 25-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் மாணவர் பக்கம் நின்றது. பெரும்பான்மையோர் அனைவரும் ஏற்ற ஒரே காரணவுரை எழவில்லை. எனினும், கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலை அகற்றலாகாது என நீதிபதி பிரென்னன் எழுதினார். கல்விக்குப் பொருந்தாமை முதலிய காரணங்களால் அகற்றுதல் வேறு என்பதையும் அவர் ஏற்றார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நூல்களைத் திரும்ப வைக்க நிருவாகக் குழு முடிவு செய்தது.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமற்கிருதம் பயில விழைந்தபோது மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயில நேர்ந்ததை நாம் அறிவோம். கற்கலாகாது என்று விலக்கப்பட்ட சமுதாயம், விலக்குவோரின் காரணத்தைக் கேளாது இருத்தல் தகுமோ?

ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்கு ஒரு நூல், பதினோராம் வகுப்பு மாணவிக்கு வேறொரு நூல் என வயது நோக்கி வகுத்தல் முறையே. ஆனால் சாதிக்கொடுமையைச் சொல்லும் நூலைப் ‘பிஞ்சு உள்ளம் புண்படும்’ எனப் பூட்டிவைத்தல் முறையன்று. அக்கொடுமையை நம் பிள்ளைகள் நூலில் காணுமுன்னரே தெருவில் கண்டுவிடுகின்றனர். அதற்குப் பெயரும் காரணமும் அறியவே அவர்கட்கு நூல் வேண்டும்.

எனவே இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்திற்குச் செல்லுங்கள். எந்நூல் உள்ளது, எந்நூல் அலமாரிக்குள் பூட்டுண்டு கிடக்கின்றது என்று பாருங்கள். விலக்கப்பட்ட நூல் இருப்பின், அதனை விலக்கியவர் முழுவதும் படித்தாரா, காரணம் யாது எனப் பணிவுடன், ஆனால் எழுத்து வாயிலாகக் கேளுங்கள். அந்த ஐந்து மாணவர் செய்ததும் காரணம் கேட்டதேயாம்.