லிபர்ட்டி என்னும் படமாளிகை

சினிமாக் கொட்டகை என்றவுடன், தமிழகத்துச் சிற்றூரில் பிறந்தவர் மனத்தில் எழுவது கீற்றுக் கூரையும் மணல் தரையும் இடைவேளையில் ஒலிக்கும் முறுக்கு வியாபாரியின் குரலுமே ஆகும். பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்த நம்மவர், அந்நகரின் தென்பகுதியில் கண்ட படமாளிகைகளோ வேறோர் உலகைச் சேர்ந்தவை. 1995 முதல் மும்பை என வழங்கும் அந்நகரில் அவை எவ்வாறு எழுந்தன, யாருக்காக எழுந்தன என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’, 1931 மார்ச் 14ஆம் நாள் பம்பாயின் மெஜஸ்டிக் அரங்கில் வெளியாயிற்று. திரை பேசத் தொடங்கியதும் அரங்கின் அமைப்பும் மாறவேண்டியதாயிற்று. வெறும் சுவர் ஒலியை எதிரொலித்துச் சொற்களைக் குழப்பும். ஆதலின் ஒலியை உறிஞ்சும் பலகைகளும், அதனைச் சிதறடிக்கும் மடிப்புச் சுண்ண வேலைப்பாடுகளும் உள்ளே புகுந்தன. இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டின் வலிமையால் பெரிய பால்கனிகளை நடுவில் தூண் இன்றியே நிறுத்த முடிந்தது. பார்வையை மறைக்கும் தூண் மறைந்தது. 1925ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியால் புகழ்பெற்று, பிற்காலத்தில் ஆர்ட் டெக்கோ எனப் பெயர் பூண்ட பாணி இத்தேவைகளுக்கு இயல்பாகவே பொருந்தியது. நேர்கோடுகளும் படிப்படியாக உயரும் வடிவங்களும் மறைவிளக்குகளும் அப்பாணியின் அடையாளங்கள்.

1933இல் கொலாபாவில் சார்லஸ் ஸ்டீவன்ஸ் வகுத்த ரீகல் திறக்கப்பட்டது. அதன் உட்புறத்தைக் கதிரவன் கதிர்களை நினைவூட்டும் கோலங்களால் அணிசெய்தவர் கார்ல் ஷாரா. 1938இல் சர்ச்கேட் நிலையத்தின் எதிரே, சொராப்ஜி பேத்வார் வகுத்த ஈராஸ் எழுந்தது. செம்மணற்கல்லும் வெளிர்நிறப் பூச்சும் கலந்த அதன் முகப்பு, இரு வீதிகள் கூடும் மூலையில் கப்பலின் முன்புறம்போல் தோன்றும். அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம், நியூயார்க்கின் தாமஸ் லாம்ப் வகுத்த மெட்ரோவைத் திறந்தது.

இம்மூன்றும் அழகின் இருப்பிடங்களே. எனினும் அவற்றில் அந்நாளில் பெரும்பாலும் ஆங்கிலப் படங்களே காட்டப்பட்டன. இந்திப் படம் காண விரும்பியவர் கிர்காம், லாமிங்டன் சாலைப் பக்கம் செல்லவேண்டும். பளிங்குப் படிகளும் மென்மையான இருக்கைகளும் அயல்மொழிப் படத்திற்கே உரியவை என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. நம் நாட்டுப் படமும் அதைக் காண்பவரும் அத்தகைய மாளிகைக்குத் தகுதியுடையவர் அல்லரா என்ற கேள்விக்குக் கட்டடமாகவே எழுந்த விடைதான் லிபர்ட்டி.

மரீன் லைன்ஸ் பகுதியில் அதனை நிறுவியவர் ஹபீப் ஹுசேன். நாடு உரிமை பெற்ற 1947ஆம் ஆண்டை ஒட்டியே அதற்கு இப்பெயர் இடப்பட்டது. முதலில் வரைபடம் வகுத்த ரிட்லி ஆபட் விமான விபத்தில் மாண்டார். பணியை ஜே. பி. பெர்னாண்டஸ் நிறைவேற்றினார். உட்புற அலங்காரம் வாமன் நாம்ஜோஷியின் கைவண்ணம்.

வாயிலைக் கடந்து உள்ளே சென்றால், மெருகேற்றிய மரப்பலகைகள் சுவரைப் போர்த்தி நிற்கக் காணலாம். அவை கண்ணுக்கு இதமளிப்பதுடன் ஒலியையும் பண்படுத்துகின்றன. அரங்கினுள் மேடையின் இருமருங்கிலும் உறைந்துபோன நீரூற்றுப்போல் வெண்சுண்ண வடிவங்கள் அடுக்கடுக்காக மேலெழுகின்றன. அவற்றின் மடிப்புகளில் ஒளிந்துள்ள விளக்குகள் எரியும்போது நீரே ஒளியாகி நிற்பதுபோல் தோன்றும். ஏறத்தாழ 1,200 பேர் அமரும் அரங்கில், திரை விலகுமுன்பே பார்ப்பவர் நெஞ்சில் ஒரு விழா தொடங்கிவிடும்.

1949இல் மெஹபூப் கானின் ‘அந்தாஸ்’ படத்துடன் அரங்கு திறக்கப்பட்டது. அவரது ‘மதர் இந்தியா’வும் 1957இல் இங்கேதான் முதன்முதல் திரையிடப்பட்டது. 1994இல் வெளியான ‘ஹம் ஆப்கே ஹை கோன்’ நூறு வாரங்களுக்கு மேல் ஓடியதும் இங்கேயே. நாம்ஜோஷி பின்னர் ஜெய்ப்பூரில் வகுத்து, 1976இல் திறக்கப்பட்ட ராஜ் மந்திர், அவர் கைத்திறனுக்கு மற்றொரு சான்று. இராஜஸ்தானத்தில் வாழும் நேயர்கள் அதனைக் கண்டிருக்கக்கூடும்.

பல திரைகள் கொண்ட அரங்குகள் பெருகிய பின், ஒற்றைத்திரை மாளிகைகள் பல இடிக்கப்பட்டன, சில உருமாறின. 2018இல் ஈராஸ், ரீகல் உள்ளிட்ட தென்மும்பைக் கட்டடத் தொகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மரபு என்னும் தகுதி, படம் பார்க்கக் கட்டிய இடங்களுக்கும் உண்டு என்பது அதனால் உறுதியாயிற்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, லிபர்ட்டி என்ற சொல் வரும்போதெல்லாம் விடுதலை என்பதா, சுதந்திரம் என்பதா என்ற தயக்கம் எழுவதுண்டு. இந்த மாளிகையைப் பொறுத்தவரை எனக்கு ஐயமில்லை. அதன் பெயரை நான் உரிமை என்றே எழுதுவேன். தன் நாட்டுக் கதையைத் தலைநிமிர்ந்து, நல்ல இருக்கையில் அமர்ந்து காணும் உரிமை அது.