ஜப்பானின் ஜாஸ் காப்பிக் கடைகள்

ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு அயல்நாட்டு ஜாஸ் இசைத்தட்டுகளை உயர்தர ஒலிபெருக்கிகளில் கேட்கவைத்த ஜப்பானியக் கடைகள் ‘ஜாஸ் கிஸ்ஸா’ எனப்பட்டன. யோகோஹாமாவில் 1933இல் யோஷிதா மமோரு தொடங்கிய ‘சிகுசா’ இவற்றுள் பழமையானவற்றில் ஒன்று. போர்க்காலத்தில் ஜாஸ் பகைநாட்டு இசையென விலக்கப்பட்டதோடு, 1945இல் நிகழ்ந்த குண்டுவீச்சில் அக்கடையும் அதன் தட்டுகளும் அழிந்தன. போருக்குப்பின் பிறர் தந்துதவிய தட்டுகளோடு மீண்டெழுந்த அக்கடையில், பின்னாளில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் அகியோஷி தோஷிகோ போன்றோர் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவ்விசையைப் பயின்றனர். முறையான பள்ளிகள் அரிதாயிருந்த காலத்தில் இக்கடையே அவர்களுக்குப் பள்ளி எனலாம்.

இறக்குமதித் தட்டுகள் மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் எட்டாத விலையில் இருந்தமையால், 1960களில் இத்தகைய கடைகள் பெருகின. வாடிக்கையாளர் தாம் விரும்பிய தட்டைக் கேட்டுப்பெற இயன்றாலும், ஒலிக்கும் வரிசையை முடிவுசெய்தவர் கடைக்காரரே. பல கடைகளில் பேச்சே தடைசெய்யப்பட்டிருந்தது. நடனத்துக்குரிய இசையாகப் பிறந்த ஒன்றை இத்தனை இறுக்கத்தோடு கேட்டது சற்று விந்தையே. வீடுகளில் ஒலிக்கருவிகள் பரவியபின் இக்கடைகள் குறைந்தன.