ஒரு நம்பர் லாட்டரி

1968-இல் தமிழக அரசு பரிசுச்சீட்டு தொடங்கியபோது, குலுக்கலுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் தோற்றவனின் சூடு தணிந்துவிடும். 1975-இல் நின்ற திட்டம் 1984-இல் திரும்பியது. 1990-களில், ஒற்றை இலக்கத்துக்கு உடனே முடிவு சொல்லும் ஒரு நம்பர் லாட்டரி பரவியதும் அந்தக் காத்திருப்பு போயிற்று.

ஈரோட்டில் தறி ஓட்டிய என் மாமா சனிக்கிழமை கூலியோடு நேரே லாட்டரிக் கடைக்குத்தான் போவார். 7 வாங்கினால் 8 விழும். “பக்கத்துல வந்துருச்சு மாப்ள, அடுத்தது நம்மளுதுதான்” என்பார். பத்து எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றே. 7-க்கு 8 பக்கமும் இல்லை, 2 தூரமும் இல்லை. ஆனால் நூலிழையில் தவறியதை மனம் தோல்வியாகக் கணக்கு வைப்பதில்லை. விட்ட பத்து ரூபாயைப் பிடிக்க இருபது போட்டார். பேராசையால் அல்ல, வெறுங்கையோடு அத்தை முகத்தில் விழிக்கப் பயந்து. ஊர் இதைக் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. அத்தையின் தோடு அடகுக்குப் போயிற்று.

ஒற்றை இலக்கப் பரிசை 1998-இல் மத்தியச் சட்டம் தடுத்தது. 2003 ஜனவரியில் தமிழகம் லாட்டரியையே தடை செய்தது. இன்று அதே வேகம் கைப்பேசிச் சூதாட்டத்தில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் தோற்று வந்தால் திட்டாதீர்கள். கடன் எவ்வளவு என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.