பெயரும் சூழலும்: பிளின்ட் சுரங்க ஆய்வில் பிரித்தானிய அருங்காட்சியகம்

1. பெயர்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், தெட்ஃபோர்டு நகருக்கு அண்மையிலுள்ள புல்வெளி ஒன்றில் நூற்றுக்கணக்கான பள்ளங்கள் நெருங்கிக் காணப்படுகின்றன. இவ்விடம் 'கிரைம்ஸ் கிரேவ்ஸ்' எனப்படுகிறது. இக்கால ஆங்கில வழக்கைக் கொண்டு நோக்குவோர் இப்பெயரைக் 'கிரைமின் கல்லறைகள்' எனப் பெயர்க்கக்கூடும். அது பொருந்தாது. 'கிரிம்' என்பது ஆங்கிலோ-சாக்சன் மக்கள் வோடன் என்னும் தெய்வத்திற்கு வழங்கிய மறுபெயர். 'கிரேவ்' என்பதன் பழைய ஆங்கில மூலம் தோண்டப்பட்ட குழியையும் குறிக்கும். எனவே, 'கிரிமின் குழிகள்' என்பதே இப்பெயரின் பொருளாகும். குழிகளைத் தோண்டியோர் யார் என அறியாத பிற்கால மக்கள் அவற்றைத் தெய்வத்தோடு தொடர்புபடுத்தினர் என்பதற்கு இப்பெயர் சான்றாகிறது.

2. அகழாய்வு

கேனன் வில்லியம் கிரீன்வெல் என்னும் சமயகுரு 1868 முதல் 1870 வரை ஒரு குழியை அடிவரை அகழ்ந்தார். ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில் பிளின்ட் கற்படுகையும், அதனைத் தொடர்ந்து நாற்புறமும் குடையப்பட்ட கிளைவழிகளும், செம்மான் கொம்பாலான கொந்தாலிகளும் கிடைத்தன. குழிகள் சுரங்கங்களே என்பது இதனால் உறுதிப்பட்டது. இத்தகைய குழிகள் 400க்கும் மேற்பட்டவை. இங்குள்ள மூன்று பிளின்ட் படுகைகளை 'மேற்கல்', 'சுவர்க்கல்', 'தரைக்கல்' என்னும் பொருள்தரும் பெயர்களால் ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். இவை அருகிலுள்ள பிராண்டன் ஊரில் துப்பாக்கிகளுக்குப் பிளின்ட் வெட்டிய தொழிலாளரின் வழக்குச் சொற்கள். தொழில்வழக்கு அறிவியற் கலைச்சொல்லான நிலைக்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டு எனலாம்.

3. வடிவம் தந்த மயக்கம்

சுரங்கங்களின் காலம் பற்றிய கருத்து வேறுபாடு நெடிது நீடித்தது. பிரித்தானிய அருங்காட்சியக அலுவலரான ரெஜினால்ட் ஸ்மித், இங்குக் கிடைத்த கருவிகளின் வடிவத்தை ஐரோப்பியப் பழங்கற்காலக் கருவிகளோடு ஒப்பிட்டு, சுரங்கங்களும் அக்காலத்தனவே என 1912இல் வாதிட்டார். கிரஹாம் கிளார்க்கும் ஸ்டூவர்ட் பிகட்டும் 1933இல் இதனை மறுத்து, அவை புதிய கற்காலத்தன என்றனர். சுரங்கவாயிலில் கிடந்தவற்றுட் பல, செய்துமுடிக்கப்படாத கோடரிகளும் கழிவுச் சில்லுகளுமே. முற்றுப்பெறாமையே பழமைபோலத் தோன்றியது. பின்னர் அதே அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடம், கொம்புக் கொந்தாலிகளைக் கதிரியக்கக் கரிம முறையால் ஆய்ந்து புதிய கற்காலக் கணிப்பை உறுதிப்படுத்தியது. சுரங்கத் தொழில் கி.மு. 2600 அளவில் தொடங்கியது என்பது இன்றைய முடிபு. வடிவ ஒப்புமை ஒன்றையே கொண்டு சொற்களை இனப்படுத்துவோர்க்கு நேரும் இடரும் இத்தகையதே.

4. அருங்காட்சியகத்தின் பணி

1972 முதல் 1976 வரை இவ்வருங்காட்சியகம் கேல் சீவ்கிங் தலைமையில் இங்கு அகழாய்வு நடத்தியது. நெதர்லாந்தின் ரெய்க்கோல்ட் சுரங்கங்களை ஆய்ந்து பயிற்சி பெற்ற குழுவினர் நிலத்தடிக் கிளைவழிகளை ஆராய்வதில் துணைநின்றனர். முடிவுகள் 1984 முதல் தனித்தனிப் பகுதிகளாக வெளிவந்தன. முதற்பகுதியில் ஜூலியட் கிளட்டன்-பிராக் கொம்புக் கொந்தாலிகளை அளவீட்டு முறையில் ஆராய்ந்தார். அவற்றுட் பெரும்பாலானவை மான்கள் தாமே உதிர்த்த கொம்புகள். ஆகவே, சுரங்கத் தொழிலுக்கு வேட்டையினும் கொம்பு சேகரிப்பே அடிப்படையாயிற்று என அறிகிறோம்.

அருங்காட்சியகம் காப்பது பொருளை மட்டுமன்று. பொருள் கிடைத்த சூழல் பற்றிய பதிவையும் ஆகும். 1939இல் ஒரு குழியில் கிடைத்ததாகக் கூறப்பட்ட சுண்ணப்பாறைப் பெண்ணுருவம் இவ்வருங்காட்சியகத்தில் உள்ளது. அது கிடைத்த சூழல் ஐயத்திற்குரியதாதலின், அதன் தொன்மையும் ஐயத்திற்குள்ளாயிற்று. பெரும்பாலான குழிகள் அகழப்படாமலேயே விடப்பட்டுள்ளன. இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பராமரிப்பிலுள்ள இவ்விடத்தில் ஒரு சுரங்கத்தினுள் பார்வையாளர் இறங்கிக் காணவும் வழியுண்டு.

5. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது

'பிளின்ட்' என்பதற்குத் தமிழில் 'சிக்கிமுக்கிக்கல்' என்னும் சொல் வழங்குகிறது. துருக்கி மொழிச் சொல்லொன்று 'சக்மக்' என உருதுவில் வழங்கி, அதன் வழியே தமிழுக்கு வந்தது. ஆங்கிலச் சொல் கல்லின் வகையைக் குறிக்க, தமிழ்ச் சொல் தீ உண்டாக்கும் பயனைக் குறிக்கிறது. பிராண்டன் தொழிலாளர் வெட்டிய கல் துப்பாக்கியில் தீப்பொறி எழுப்பியது. அதற்குச் சிக்கிமுக்கிக்கல் என்னும் பெயர் முற்றும் பொருந்தும். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் அதே நிலத்தடியில் எடுக்கப்பட்ட கல்லோ கோடரியும் கத்தியும் ஆயிற்று. அதனையும் சிக்கிமுக்கிக்கல் என எழுதின், தீமூட்டவே மக்கள் சுரங்கம் அகழ்ந்தனர் எனப் படிப்போர் கொள்ள நேரும். ஆதலின், தொல்லியல் நூல்களில் 'பிளின்ட்' என ஒலிபெயர்த்தலும், தீமூட்டும் பயன் சுட்டப்படும் இடத்தில் மட்டும் தமிழ் வழக்கைக் கையாளுதலும் தக்கனவாகும். கருவிக்குக் காலம் வகுப்பதில் சூழல் எத்துணை இன்றியமையாததோ, சொல்லுக்குப் பொருள் கொள்வதிலும் அது அத்துணை இன்றியமையாதது.