கச்சேரியில் மைக்கும் மிக்ஸரும்

புனே விஷ்ராந்த்வாடியில் எங்கள் கச்சேரிகளுக்கு மிக்ஸர் வாங்கலாம் என்றதும், "எத்தனை சேனல்?" என்றே அனைவரும் கேட்டனர். சரித்திரத்தைச் சற்றே பார்ப்போம். 1933-இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா, மைக் இல்லாத நாடகக் கொட்டகைகளில் உச்ச சுருதியில் பாடிப் புகழ்பெற்றவர். 1930-களில் மைக் பரவியது. சுருதியை இறக்கிச் சௌக்கியமாகப் பாட முடிந்தது. மெல்லிய நாதமுள்ள வீணையும் கடைசி வரிசைக்குக் கேட்டது. ஆனால் எது தூக்கலாக ஒலிக்கவேண்டும் என்ற தீர்மானம் வித்வானிடமிருந்து மிக்ஸர்காரர் கைக்குப் போய்விட்டது! இதுதான் என் குறை.

பாட்டு, வயலின், தம்புரா, மிருதங்கத்தின் இரு பக்கங்கள்: ஐந்து மைக் போதும். கன்டென்ஸர் மைக் என்றால் மிக்ஸரில் 48 வோல்ட் வசதி அவசியம். வீட்டில் பதிவு செய்ய யு.எஸ்.பி. இருந்தால் நல்லது. மிருதங்கத்தைப் பலமாக வாசிக்கச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாதபடி கெயினை வைக்கவேண்டும். ஐம்பது பேர் அமரும் ஹாலில் மிருதங்கத்துக்கு மைக்கே வேண்டாம் என்பேன்.