பாரபட்சம்

பெண்கள் மட்டுமே தீர்வு கோர இடமளிக்கும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாரபட்சமானது என்னும் வாதம் வலுத்துவரும் நிலையில், அச்சொல்லின் பொருளை ஆராய்வது தேவையாகிறது. பட்சம் என்னும் வடசொல் சிறகையும் பக்கத்தையும் குறித்து, வளர்பிறை, தேய்பிறை ஆகிய திங்களின் இரு பாதிகளுக்கும் பெயராகி, பழைய கடிதங்களில் அன்பு என்னும் பொருளும் பெற்றது. பாரபட்சமோ பக்கம் நிற்றலை மட்டும் குறிக்காமல், தகுதி பாராது ஒருபுறம் சாயும் நீதித்தவற்றையே இன்று உணர்த்துகிறது. விளிம்பையும் ஒருதலைச் சார்பையும் சேர்த்துச் சுட்டும் ஓரம் இதற்கு நேரான தமிழ்ச்சொல். நடுவர் ஒருவர்பக்கம் சாய்ந்துரைப்பது ஓரஞ்சொல்லுதல், உரியதை மறுப்பது ஓரவஞ்சனை. தென்காசியை அடுத்த குற்றாலப் பேரருவியில் பெண்கள் அச்சமின்றி நீராடத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருப்பதை எவரும் ஓரவஞ்சனை என்பதில்லை. ஏனெனில் அங்கு எவருக்கும் நீர் மறுக்கப்படுவதில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலோ, எதிர்மனுதாரர் 'வயதுவந்த ஆண்' என்றிருந்த வரையறையை உச்ச நீதிமன்றம் 2016-இல் நீக்கியதால், கொடுமை செய்யும் பெண்மீதும் மனு செய்யலாம். கொடுமைக்கு ஆளாகும் ஆணுக்கு இதில் வழியில்லை என்பது உண்மையான குறையே. ஆயினும் அக்குறையைத் தீர்க்க வேண்டியது அவனுக்குரிய காப்பை வகுத்தேயன்றிப் பெண்ணுக்குரியதைக் குறைத்தன்று. திருக்குறள் ஓர் அதிகாரத்துக்கே பெயராக்கிய நடுவுநிலைமை, துன்பத்தின் அளவை அறிந்து தீர்வை அளிப்பதையே வேண்டுகிறது.