பானை கட்டிய கம்பி, பறக்கும் தேவதையான கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். முடிந்தால் வீட்டில் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு தோட்டத்து நடுவே சிறகுள்ள ஒரு பெண். கையில் அவளை விடப் பெரிய ஒரு பூ. காற்று அந்தப் பூவை இழுத்துக்கொண்டு போக, அவள் விடாமல் பிடித்திருக்கிறாள். உடம்பு, முடி, சிறகு எல்லாமே கம்பி. இப்படியான படங்கள் சில வருடங்களாக வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் சுற்றி வருகின்றன. கம்பியூட்டரில் செய்த படம் என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அவை கையால் செய்தவை. செய்தவர் இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த ரொபின் வைட். அந்தப் பூ, எருக்கம் பஞ்சு போல ஊதினால் பறக்கும் விதைகள் கொண்ட டான்டிலியன்.

அவருக்கு இந்த யோசனை எப்போது வந்தது தெரியுமா? கம்பி வேலி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது!

இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் கம்பிக் கலையின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால், திருத்துகிற கையும் பின்னுகிற கையும் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த வரலாற்றில் மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, இன்றைய ஸ்லோவாக்கியா. அதன் வடமேற்கில் கிசுட்சே என்ற மலைப்பகுதி. மண் வளம் இல்லை. விளைச்சல் குடும்பத்துக்குப் போதாது. 18ஆம் நூற்றாண்டிலிருந்து அங்குள்ள ஆண்கள் முதுகில் ஒரு பெட்டியும் தோளில் கம்பிச் சுருளுமாக ஊர் ஊராக நடந்தார்கள். அவர்களுக்கு 'திரோட்டார்' என்று பெயர். கம்பிக்காரர் என்று பொருள்.

அவர்களின் பிரதான வேலை, வெடித்த மண்பானையைக் கம்பியால் கட்டிக் கொடுப்பது. அந்தக் காலத்தில் பானை உடைந்தால் புதிது வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. இவர்கள் பானையைச் சுற்றிக் கம்பியால் வலை பின்னி இறுக்கினால், அதே பானை மறுபடி அடுப்பில் ஏறும். அப்படியே எலிப்பொறி, கூடை, சட்டி வைக்கும் தாங்கி என்று மற்றச் சாமான்களும் செய்தார்கள். ரஷ்யா, அமெரிக்கா வரைக்கும் போனார்கள். சின்னப் பையன்களும் வேலை பழகக் கூடவே நடந்தார்கள்.

அவர்களின் நுட்பத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒட்டுவதில்லை, ஈயம் வைப்பதில்லை. வளைப்பது, சுற்றுவது, பின்னுவது மட்டும்தான். குறடும் கையும் போதும். பிறகு எனாமல் சட்டிகள் வந்தன, பானை கட்டும் தொழில் படுத்தது. ஆனால் கைத்திறன் சாகவில்லை. அதே முறையில் அலங்காரப் பொருட்களும் உருவங்களும் செய்யத் தொடங்கினார்கள். 2019இல் யுனெஸ்கோ இந்தத் தொழிலை மனிதகுலத்தின் கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் வாசலில் நின்று "பானை கட்ட இருக்கா?" என்று கேட்ட வேலை அது!

இரண்டாவது, அமெரிக்கா. ரூத் அசாவா 1926இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்த ஏழை விவசாயிகள். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த வருடம் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் அந்த நாட்டிலேயே பிறந்த பிரஜைகள். அசாவாவின் தந்தையைத் தனியாகக் கொண்டுபோனார்கள். மற்றவர்களைக் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில், குதிரை லாயத்தில் தங்க வைத்தார்கள். அப்போது அந்தப் பிள்ளைக்கு 16 வயது.

அந்த லாயத்திலும் ஒரு வகுப்பு நடந்தது. அங்கே அடைக்கப்பட்டவர்களில் டிஸ்னி நிறுவனத்தில் வேலை செய்த ஓவியர்களும் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். அசாவா முறையாக வரையப் பழகியது அங்கேதான்.

பிறகு ஆசிரியராக வேண்டும் என்று மில்வாக்கியில் ஓர் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பை முடிக்கக் கற்பித்தல் பயிற்சி வேண்டும். ஜப்பானிய வம்சம் என்பதால் அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. பட்டம் இல்லாமலே வெளியேறினார்.

1947இல் மெக்சிக்கோவின் தொலூக்கா நகரத்துக்குப் போனார். அங்கே முட்டை போட்டு வைக்கிற கம்பிக் கூடைகளை ஊர் மக்கள் பின்னுவதைப் பார்த்து, அவர்களிடமே அந்த வளையப் பின்னலைப் பழகிக்கொண்டார். ஒரே கம்பியை வளையத்துக்குள் வளையமாக விட்டுக்கொண்டே போகும் முறை அது. அதை வைத்து, ஒன்றுக்குள் ஒன்று தெரிகிற, கூரையிலிருந்து தொங்குகிற சிற்பங்களைச் செய்தார். ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வீட்டில் இருந்து பின்னினார். "இது சிற்பமா, வீட்டுப் பெண்களின் கைவேலைதானே" என்று அலட்சியம் செய்த விமர்சகர்கள் இருந்தார்கள். இன்று அவை உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன.

கதைப் புத்தகத்து உருவங்களும் அவருக்குப் பிடிக்கும். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் கடற்கன்னிகள் உள்ள வெண்கல நீரூற்று ஒன்றைச் செய்து வைத்தார். அந்த இடத்தை வடிவமைத்த நிபுணர் கடுமையாக எதிர்த்தார். ஊர் மக்கள் அசாவா பக்கம் நின்றார்கள். நீரூற்று இன்றும் அங்கேயே இருக்கிறது.

அதே வருடம் அவர் இன்னொன்றும் செய்தார். அல்வராடோ என்ற அரச பாடசாலையில், பெற்றோரும் கலைஞர்களும் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கைவேலை பழக்கும் திட்டத்தைத் தொடங்கினார். மாவும் உப்பும் குழைத்த களி, வீட்டில் கழிக்கிற சாமான்கள், இவைதான் அங்கே மூலப்பொருள். ஒரு காலத்தில் வகுப்பறைக்குள் விடப்படாதவர், இப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வகுப்பறை திறந்தார். 1998இல் அதே மில்வாக்கி நிறுவனம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் தர முன்வந்தது. அவரோ, அன்று தராத சாதாரணப் பட்டத்தையே கேட்டு வாங்கினார். 2010இல் சான் பிரான்சிஸ்கோவின் அரச கலைப் பாடசாலைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

மூன்றாவது இடம், நாம் தொடங்கிய இங்கிலாந்து. ரொபின் வைட்டின் தேவதைகள் பல நிற்பது ட்ரென்தம் தோட்டத்தில். ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் என்ற பீங்கான் நகரத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பிரபு ஒருவரின் மாளிகைத் தோட்டம் அது. ஆற்றில் கலந்த நகரத்துக் கழிவின் நாற்றம் தாங்காமல் அந்தக் குடும்பமே வெளியேறியது. முதலாம் உலகப் போருக்கு முன்பே மாளிகையின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். இந்த நூற்றாண்டில்தான் தோட்டத்தைப் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். இன்று பிள்ளைகள் அங்கே மரங்களுக்கு நடுவில் தேவதைகளைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள்.

இவை எப்படிச் செய்யப்படுகின்றன? முதலில் தாளில் வரைய வேண்டும். தலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு முழு உடம்பு என்பது பொதுவான கணக்கு. பிறகு தடித்த கம்பியில் எலும்புக்கூடு. ஒற்றைக் காலில் நிற்கும் உருவம் என்றால் பாரம் எங்கே விழும் என்று முதலே பார்க்க வேண்டும். நிலத்தில் ஊன்றுவதற்குக் கால் கம்பியை நீளமாக விட வேண்டும். அதன் மேல் மெல்லிய கம்பியைத் தசை ஓடும் திசையிலேயே சுற்றிச் சுற்றிச் சதை கட்ட வேண்டும். கடைசியாகத் தோல், முடி, சிறகு. வைட் பாவிப்பது துருப்பிடிக்காத உருக்குக் கம்பி. மழையில் நிற்க வேண்டுமே! சில தேவதைகளின் நெஞ்சுக்குள் இதயமாக ஒரு கல்லையும் வைக்கிறார்.

உருவம் செய்வதில் மார்க்க ரீதியான தயக்கம் உள்ளவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: அசாவா 1962இலிருந்து கம்பிக் கட்டுகளைக் கிளை கிளையாகப் பிரித்து, மரமும் செடியும் போன்ற வடிவங்களையும் செய்தார். கம்பிக்கு இலையும் தெரியும், பூவும் தெரியும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? வகுப்பில் கணக்கில் பின்தங்குகிற, ஆனால் கழன்ற கதிரைக் காலை ஒரு துண்டுக் கட்டுக்கம்பியால் இறுக்கி நிமிர்த்திவிடுகிற பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கிறோம். "சித்திரம் எடுத்து என்ன செய்யப் போறாய்?" என்று அவர்களிடம் கேட்கிறோம். பானை கட்டியவன், முட்டைக் கூடை பின்னியவள், வேலி திருத்தியவர். இந்தக் கலையை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அந்தக் கையை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

அடுத்த முறை உங்கள் பிள்ளை கம்பித் துண்டை வளைத்துக்கொண்டிருந்தால், பறித்து எறிய வேண்டாம். கூர் முனையை மடக்கிவிடச் சொல்லிக் கொடுங்கள். பிறகு ஒரு குறட்டையும் கையில் கொடுங்கள்.

உங்கள் ஊரில் இப்படிக் கைத்திறன் உள்ள பிள்ளைகள் இருந்தால், அவர்கள் செய்த பொருளின் படத்தைக் கீழே போடுங்கள். நாலு பேர் பார்க்கட்டும்.